பெயர் கற்பித்த தோட்டம்: மொன்றியல் தாவரவியற் பூங்காவும் புலம்பெயர் தமிழரின் திணையறிவும்

1. முன்னுரை

பல்கலைக்கழகம் ஒன்றைச் சார்ந்த தாவரத் தோட்டம் யாருக்கு உரியது என்னும் வினா எளியதுபோல் தோன்றும். ஆய்வாளருக்கு அது உயிருள்ள நூலகம். நகரத்தாருக்கு ஞாயிற்றுக்கிழமை உலாவிடம். இவ்விரண்டுக்கும் அப்பால், ஒரு மக்கட் கூட்டம் தான் வாழும் நிலத்தைத் தன் மொழியில் அறிந்துகொள்ளும் பள்ளியாகவும் அது விளங்க இயலும் என்பதற்கு மொன்றியல் நகரின் வரலாறு சான்று பகர்கின்றது. அவ்வரலாற்றை எடுத்துரைத்து, அதிலிருந்து கனடாவில் வாழும் தமிழர் பெறத்தக்க பாடம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கட்டுரையாளர் மொன்றியல் தீவின் மேற்குப் பகுதியிலுள்ள டோர்வலில் வாழ்பவர். தீவின் கிழக்கே மொன்றியல் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் நிறுவனத்தைத் தன்னகத்தே கொண்ட மொன்றியல் தாவரவியற் பூங்காவும், மேற்கு முனையில் மக்கில் பல்கலைக்கழகத்தின் மோர்கன் மரக்காடும் அமைந்துள்ளன. முன்னது நகராட்சியின் உடைமை. பின்னது பல்கலைக்கழகத்தின் உடைமை. இரண்டும் ஆய்வையும் மக்களையும் ஒருங்கே நோக்கியவை என்பதால் இங்கு இணைத்துப் பார்க்கப்படுகின்றன.

2. மூலிகைத் தோட்டத்திலிருந்து பேரரசின் தோட்டம் வரை

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் தாவரத் தோட்டம் மருத்துவக் கல்வியின் துணையாகவே பிறந்தது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பீசாவிலும் பதுவாவிலும் அமைந்த தோட்டங்கள், மாணவர் மூலிகையை நூலில் மட்டுமன்றி மண்ணிலும் கண்டறிய வேண்டும் என்ற தேவையால் எழுந்தவை. பதுவாத் தோட்டம் 1545இல் நிறுவப்பட்ட அதே இடத்தில் இன்றும் உள்ளது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் 1590இல் தனக்கெனத் தோட்டம் அமைத்தது.

லைடன் தோட்டத்தின் வரலாற்றில் இலங்கைக்கும் இடமுண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் மருத்துவராக 1670களில் இலங்கையிற் பணியாற்றிய பவுல் ஹெர்மன், தாம் உலர்த்திச் சேர்த்த தாவரங்களுடன் திரும்பி லைடனில் தாவரவியற் பேராசிரியராகவும் தோட்டத்தின் பொறுப்பாளராகவும் அமர்ந்தார். அவருடைய தொகுப்பே பிற்காலத்தில் லின்னேயசின் கைக்குக் கிட்டி, 1747இல் 'புளோரா சைலானிக்கா' என்னும் நூலுக்கு அடிப்படையாயிற்று. தாவரத்தைக் காட்டியும் அதன் பெயரையும் பயனையும் சொல்லியும் கொடுத்த ஊர்மக்களின் அறிவு கடல் கடந்து லத்தீனில் நிலைபெற்றது. அவர்கள் மொழியில் அது திரும்பி வரவில்லை.

ஆங்கிலேயர் 1821இல் பேராதனையில் அமைத்த அரச தாவரவியற் பூங்காவும் பேரரசின் வலைப்பின்னலில் ஒரு கண்ணியே. எனினும் அதன் முதற் பொறுப்பாளர் அலெக்சாந்தர் மூன் 1824இல் வெளியிட்ட தாவரப் பட்டியலில் சிங்களப் பெயர்களுக்கும் இடமளித்தார் என்பது கருதத்தக்கது. உள்ளூர்ப் பெயர் அறிவியலுக்குப் புறம்பானதன்று என்னும் எண்ணம் அங்கே தலைகாட்டுகிறது. அவ்வெண்ணத்தை ஒரு சமூகம் தன் முழுநோக்கமாகவே ஆக்கிக்கொண்ட இடம் கியூபெக்.

3. மரி-விக்டோரனும் பூங்காவின் தோற்றமும்

1885இல் கியூபெக்கின் கிங்சி பால்சில் பிறந்த கொன்ராட் கிறுவாக், கிறித்தவப் பாடசாலைச் சகோதரர் சபையில் சேர்ந்து மரி-விக்டோரன் என்னும் துறவுப்பெயர் பூண்டார். இளமையில் பற்றிய காசநோய் அவரை வகுப்பறையிலிருந்து விலக்கித் திறந்த வெளிக்கு அனுப்பியது. அங்கே கண்ட செடிகொடிகளே அவருக்கு ஆசிரியராயின. முறையான தாவரவியற் கல்வி எதுவும் இன்றி நூலும் நடையுமாகத் தாமே கற்ற அவர், லோங்கேல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, 1920இல் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் தாவரவியற் பேராசிரியரானார். அப்பொழுதுதான் அப்பல்கலைக்கழகம் லாவல் பல்கலைக்கழகத்தின் கிளை என்ற நிலை நீங்கித் தனித்து நின்றது. அவர் தொடங்கிய தாவரவியல் ஆய்வுக்கூடம் பின்னர்த் தாவரவியல் நிறுவனமாக வளர்ந்தது.

அக்காலப் பிரெஞ்சுக் கனடியரின் நிலை தமிழருக்கு அயலானதன்று. வணிகமும் தொழிலும் பெரிதும் ஆங்கிலத்தில் நடந்தன. உயர்கல்வியில் இலக்கியத்துக்கும் சமயத்துக்கும் இருந்த மதிப்பு அறிவியலுக்கு இல்லை. தன் நிலத்தின் மரத்தையும் பறவையையும் பெயர் சொல்லி அழைக்க அறியாத மக்கள் அந்நிலத்தின் உரிமையாளராக முடியாது என்பதே மரி-விக்டோரனின் துணிபு. 1923இல் பிரெஞ்சுமொழி அறிவியற் கழகங்களின் கூட்டமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். 1935இல் வெளிவந்த அவருடைய 'புளோர் லோரன்சியென்' சென் லோரன்ஸ் ஆற்றுச் சமவெளியின் தாவரங்களை விரித்துரைக்கும் பெருநூல். சகோதரர் அலெக்சாந்தர் வரைந்த 2,800 சித்திரங்கள் அதில் இடம்பெற்றன. லத்தீன் பெயருடன் நாட்டுப்புறத்தார் வழங்கிய பிரெஞ்சுப் பெயர்களையும், அச்செடியை மக்கள் எவ்வாறு பயன்படுத்தினர் என்ற குறிப்புகளையும் அந்நூல் தொகுத்தளித்தது. துறைவல்லுநர் அலமாரியோடு நின்றுவிடாமல் ஆசிரியர், மாணவர் வீடுகளுக்கும் அந்நூல் சென்று சேர்ந்ததற்கு இதுவே காரணம்.

நகருக்கு ஒரு தாவரவியற் பூங்கா வேண்டும் என 1929 முதல் அவர் வாதாடினார். லோங்கேலில் அவரிடம் பயின்ற கமிலியன் ஹூட் நகரமுதல்வராக இருந்தமை துணையாயிற்று; 1931இல் பூங்கா நிறுவப்பட்டது. ஆனால் உலகப் பொருளாதார மந்தம் பணியை முடக்கியது. பின்னர் அம்மந்தமே பணியை மீட்டது என்பது வரலாற்றின் முரண். வேலையற்றோருக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தின்கீழ் 1936 முதல் பெருந்தொகையான தொழிலாளர் அங்கே குளம் வெட்டினர், மண் சுமந்தனர், பாதை அமைத்தனர். செருமனியிற் பிறந்து நியூயோர்க் தாவரவியற் பூங்காவில் பணியாற்றிய ஹென்றி தொய்ஷர் அதன் வடிவமைப்பை வகுத்தார். ஏறத்தாழ 75 எக்டர் பரப்புள்ள அந்நிலம் உழைக்கும் மக்கள் மிகுந்த கிழக்குப் பகுதியில் அமைந்தது.

1939இல் தாவரவியல் நிறுவனம் பூங்காவின் கட்டடத்துக்கே குடிபெயர்ந்தது. சில ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தின் ஏனைய துறைகள் மவுண்ட் ரோயல் மலைச்சரிவிலெழுந்த புதிய வளாகத்துக்குச் சென்றபோதும், தாவரவியல் மட்டும் மக்களின் நடுவே தங்கிவிட்டது. மாணவர் நுழையும் வாயிலிலேயே தொழிலாளர் குடும்பங்களும் நுழைந்தன. 1944 யூலையில், தாவரம் சேகரிக்கச் சென்று திரும்பும் வழியில் நேர்ந்த வாகன விபத்தை அடுத்து மரி-விக்டோரன் காலமானார். அவருடைய மாணவரான ஜாக் ரூசோ பூங்காவின் பொறுப்பை ஏற்றார்.

4. பூங்காவின் சமூகப் பணி

பூங்கா முழுமை பெறுமுன்பே அதன் கல்விப்பணி தொடங்கிவிட்டது. 1931இல் தோன்றிய இளம் இயற்கையாளர் வட்டங்கள் பாடசாலைதோறும் பரவின. 1935இல் மார்செல் கோவ்ரோ அம்மையார், எழுதப் படிக்கக் கற்கும் முன்பே குழந்தைகளுக்கு இயற்கையை அறிமுகப்படுத்தும் 'லேவேய்' என்னும் பள்ளியை நிறுவினார். விழிப்பு என்பது அச்சொல்லின் பொருள். 1938 முதல் நகரச் சிறுவர்க்குப் பூங்காவில் சிறு பாத்திகள் வழங்கப்பட்டன. விதையிடுவதும் களை பறிப்பதும் விளைந்ததை வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் அச்சிறுவரின் கோடைக்காலப் பாடமாயின.

இப்பணி பிற்காலத்தில் பூங்காவின் மதிலைக் கடந்தது. 1975இல் மொன்றியல் நகரம் தொடங்கிய சமுதாயத் தோட்டத் திட்டத்துக்குப் பூங்காவின் தோட்டக்கலைஞர் வழிகாட்டினர். அவர்களுள் முதன்மையான பியேர் பூர்க் பின்னாளில் நகரமுதல்வரானார். இன்று நகரெங்கும் ஏறத்தாழ நூறு சமுதாயத் தோட்டங்கள் உள்ளன. 1983ஆம் ஆண்டுக்குப் பின் பெருந்தொகையாக வந்து கோட்-டே-நேஜ், பார்க் எக்ஸ்ரென்சன் ஆகிய பகுதிகளின் அடுக்குமாடிகளில் குடியேறிய ஈழத்தமிழர்க்குச் சொந்த வளவு இல்லை. அவர்களுட் சிலருக்கு இத்தோட்டங்களின் ஒரு பாத்தியே கனடாவில் முதலில் கைப்பட்ட மண். மே மாத இறுதியில் உறைபனி நீங்கியதும் கத்தரியும் மிளகாயும் நட்டு, செப்டெம்பருக்குள் பாகலும் பூசணியும் பறித்தனர். கறிவேப்பிலைச் சாடி மட்டும் குளிர்காலம் முழுவதும் யன்னலோரத்தில் விருந்தாளிபோல் இருந்தது.

1990இல் பல்கலைக்கழகமும் நகரமும் இணைந்து தாவர உயிரியல் ஆய்வு நிறுவனத்தை அமைத்தன. ஆய்வுக்கூடமும் மக்கள் உலாவும் பாதையும் ஒரே வளாகத்தில் இருக்கும் நிலை இன்றும் தொடர்கின்றது. 1988இல் யப்பானியத் தோட்டமும் 1991இல் சாங்காய் நகரின் ஒத்துழைப்புடன் சீனத் தோட்டமும் திறக்கப்பட்டன.

5. எழுபது ஆண்டு மறதி

இவ்வரலாற்றைப் புகழ்ச்சியோடு நிறுத்துவது ஆய்வு நேர்மையன்று. நிலத்தைத் தம் மொழியில் பெயரிட்டு உரிமை கொள்ளப் பிரெஞ்சுக் கனடியர் முனைந்தபோது, அந்நிலத்துக்கு அவர்களுக்கு முன்பே பெயர்கள் இருந்தன. மோகாக், அனிசினாபே, இன்னு முதலிய முதற்குடி மக்கள் ஒவ்வொரு மரத்தையும் பெயராலும் பயனாலும் அறிந்திருந்தனர். கியூபெக் பிரெஞ்சிலேயே அதன் தடயம் உண்டு: சதுப்பு நிலத்தில் காய்க்கும் செங்கனியைக் குறிக்கும் 'அத்தோக்கா' என்னும் சொல் இரோக்குவா மொழிக் குடும்பத்திலிருந்து பெற்றதே.

1701ஆம் ஆண்டின் மொன்றியல் பெருஞ் சமாதான உடன்படிக்கை நிகழ்ந்து 300 ஆண்டுகள் நிறைந்த 2001இல்தான் பூங்காவில் முதற்குடி மக்களின் தோட்டம் திறக்கப்பட்டது. பூங்கா நிறுவப்பட்டு எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரே, அந்நிலத்தின் மூத்த அறிவுக்கு அங்கே தனியிடம் கிடைத்தது. பெயரிடுதல் அறிவுச்செயல் மட்டுமன்று. அது அதிகாரச் செயலும் ஆகும். புதிதாக வந்து பெயர் சூட்ட விழையும் நாமும் இதனை மறத்தலாகாது.

6. மேப்பிள் மரத்தடியில் ஒரு வினா

தீவின் மேற்கு முனையான சென்-ஆன்-டெ-பெல்வியூவில், புகையிலை வணிகர் வில்லியம் மக்டொனால்ட் நிறுவிய வேளாண் கல்லூரி 1907 முதல் மக்கில் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்கி வருகின்றது. அதனை அடுத்துள்ள காட்டுநிலத்தை மோர்கன் குடும்பத்தாரிடமிருந்து பல்கலைக்கழகம் 1945இல் பெற்றது. ஏறத்தாழ 245 எக்டர் பரப்புள்ள அம்மரக்காடு வனவியல் மாணவரின் களமாகவும், கோடையில் நடப்போரும் குளிர்காலத்தில் பனிச்சறுக்குவோரும் நாடும் பொதுவெளியாகவும் விளங்குகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில், வார இறுதித் தமிழ்ப் பள்ளியொன்றின் பிள்ளைகளையும் பெரியோர் சிலரையும் இக்கட்டுரையாளர் அங்கே அழைத்துச் சென்றார். இரவில் உறைந்து பகலில் உருகும் அப்பருவத்தில்தான் சர்க்கரை மேப்பிளின் இனிய சாறு ஊறும். ஏறத்தாழ நாற்பது லீற்றர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாகு கிடைக்கும் என்று வழிகாட்டி பிரெஞ்சில் விளக்கினார். வடமராட்சியிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர், பிரெஞ்சு புரியாத நிலையிலும், மரத்தில் தொங்கிய வாளியை எட்டிப் பார்த்துத் தம் பேத்தியிடம் சொன்னார்: "இது எங்கட கருப்பநீர் மாதிரியெல்லோ பிள்ளை. காய்ச்சினால் பாணி." பேத்தி கேட்டாள்: "அப்ப அம்மம்மா, இந்த மரத்துக்குத் தமிழில என்ன பேர்?" மூதாட்டி இக்கட்டுரையாளரைப் பார்த்தார். வெளிநாட்டு முனைவர் பட்டமும் நாற்பதாண்டு ஆசிரியப் பணியும் அவ்வேளையில் கைகொடுக்கவில்லை.

அம்மூதாட்டி செய்தது ஓர் அறிவியற் செயல் என்பதைப் பின்னரே உணர முடிந்தது. பனையின் பாளையிலிருந்து வடியும் சாற்றையும் மேப்பிளின் தண்டில் ஊறும் சாற்றையும் அவர் ஒப்பிட்டார். காய்ச்சிய பொருளுக்கு யாழ்ப்பாணத்தில் வழங்கும் சொல்லைத் தயக்கமின்றி இட்டார். கலைச்சொற்குழு எதுவும் கூடவில்லை. மேப்பிள் பாணி என்னும் தொடர் அன்றே அப்பிள்ளைகளின் வாயில் ஏறிவிட்டது.

7. திணையறிவும் புதிய நிலமும்

தமிழர்க்கு நிலத்தைத் தாவரத்தால் அறியும் மரபு புதிதன்று. ஐந்திணையின் பெயர்கள் தாவரப் பெயர்களே. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை ஒரே தொடராக அடுக்குகின்றது. தனிநாயகம் அடிகள் சங்கக் கவிதையின் நிலத்தோற்றத்தை உலக ஆய்வரங்குக்கு எடுத்துச் சென்றார். பி. எல். சாமி சங்க இலக்கியச் செடிகொடிகளை விளக்கினார், கு. சீநிவாசனின் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' என்னும் நூலைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் வெளியிட்டது. ஆயினும், நூலறிவு மண்ணறிவோடு சேராதபோது இடர் நேர்கின்றது. பாலை என்ற சொல்லைக் கேட்டதும் தமிழகத்தார் பலர் வெட்பாலையை நினைப்பர். வன்னியில் பிறந்தவரோ இனிய பழம் தரும் பெருமரத்தையே நினைப்பர். இவ்விரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. இவ்வேறுபாட்டைச் சொல்லகராதி மட்டும் தெளிவிக்க மாட்டாது. மரத்தின் முன்னே நிற்பவர்க்கு அது உடனே விளங்கும்.

புலம்பெயர்ந்த பிள்ளைகளின் நிலை இதனினும் கடினமானது. தமிழ்ப் பள்ளியில் அவர்கள் ஐந்திணையின் கருப்பொருள்களை மனப்பாடம் செய்கின்றனர். அவற்றுள் ஒன்றையேனும் கண்டதில்லை. நாள்தோறும் காணும் மரங்களைப் பிரெஞ்சுப் பள்ளியில் பிரெஞ்சில் அறிகின்றனர். அவற்றுக்குத் தமிழில் பெயரில்லை. இவ்வாறு தமிழ் காணாத நிலத்தின் மொழியாகிவிடுகின்றது. கண்முன் உள்ளதைச் சொல்ல உதவாத மொழியைப் பிள்ளைகள் எத்தனை காலம் பேணுவர்?

இதற்கான வழி பூங்காவிலேயே உள்ளது. அங்குள்ள தாவரங்கள் பலவற்றுக்குத் தமிழ் உறவு உண்டு. கியூபெக்கின் ஏரிகளில் மலரும் வெண்ணிற நீர்மலர் நிம்பேயா பேரினத்தைச் சேர்ந்தது. நம் ஆம்பலும் அப்பேரினமே. ஆகவே அதனை ஆம்பல் என்றழைக்க எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் உண்ணும் பால்வடியும் செடி, எருக்கலையின் குடும்பத்தது. யாழ்ப்பாணத்து எருக்கலையில் வரிவரியாக ஊரும் புழுவும் மொனார்க்கின் பேரினமாகிய டனாவுசைச் சேர்ந்த பூச்சியினதே. பேரனும் பேத்தியும் காண்பதை அம்மம்மா ஏற்கெனவே கண்டிருக்கிறார். கியூபெக் மக்கள் 'எர்ப்-அ-பியூஸ்' என்றழைக்கும் நச்சுக்கொடி, மாவும் சேங்கொட்டையும் அடங்கிய குடும்பத்தது. சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும் என்பதை அறிந்த முதியவர்க்கு, இக்கொடியைத் தொடலாகாது என்பதை விளக்க இவ்வுறவு ஒன்றே போதும்.

இவ்வடிப்படையில் ஒரு முன்மொழிவு இங்கு வைக்கப்படுகின்றது. மொன்றியல் தீவில் எளிதில் காணத்தக்க நூறு தாவரங்களுக்கு லத்தீன், பிரெஞ்சு, முதற்குடி மொழி, தமிழ் ஆகிய நான்கு பெயர்களும் கொண்ட கைந்நூல் ஒன்று தொகுக்கப்படல் வேண்டும். தமிழ்ப் பெயர் தெரிவதில் மூன்று நெறிகள் போதுமானவை. முதலாவது, மக்கள் நாவில் ஏற்கெனவே ஏறிய சொல்லுக்கு முதலிடம். இரண்டாவது, தாவரக் குடும்பத்தில் தமிழ் உறவு இருப்பின் அவ்வுறவால் பெயரிடல். மூன்றாவது, இரண்டும் இல்லாவிடத்து வந்த சொல்லையே ஏற்றல். மேப்பிள் மேப்பிளாகவே இருக்கட்டும். பிரெஞ்சு மொழி அத்தோக்காவை ஏற்றதால் சிறுத்துப்போகவில்லை. முதற்குடி மொழிப் பெயர்களை நூல்களிலிருந்து நாமாக எடுத்துக்கொள்ளாது, அம்மொழிகளைப் பேசுவோரின் இசைவோடும் துணையோடும் பெறுதல் இன்றியமையாதது. தொகுப்புப் பணியில் முதியோர் தகவலாளிகளாக அன்றி ஆசிரியர்களாகவே அமர வேண்டும்.

இம்முயற்சிக்கு நம் வரலாற்றிலும் முன்னோடி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்குரிய நூல்களையும் சொற்களையும் தம் மாணவரோடு சேர்ந்து ஆக்கினார். மரி-விக்டோரன் பிரெஞ்சில் செய்ததற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முன்பே அறிவியலைத் தமிழில் பேசவைத்த மண் நம்முடையது.

8. முடிவுரை

மொன்றியல் தாவரவியற் பூங்காவின் வரலாறு மூன்று உண்மைகளை உணர்த்துகின்றது. பல்கலைக்கழக ஆய்வு மக்களின் நடுவே நிகழும்போது இரண்டும் வளம் பெறுகின்றன. நிலத்தைத் தாய்மொழியில் அறிதல் ஒரு சமூகத்தின் தன்மதிப்புக்கு அடித்தளமாகின்றது. அவ்வாறு அறியும்போது, முன்பு பெயரிட்டவரை மறப்பது பெரும் பிழையாகின்றது.

தமிழர்க்கெனப் பூங்காவில் தனித் தோட்டம் வேண்டும் என்று கேட்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. உறைபனியில் குறிஞ்சி பூக்காது; கண்ணாடி வீட்டில் அதனை வளர்த்தாலும் அது நினைவுச்சின்னமே ஆகும். திணை என்பது நினைவில் உள்ள நிலத்தின் பட்டியல் அன்று, காலடியில் உள்ள நிலத்தைக் கூர்ந்து நோக்கும் முறை. அம்முறையைக் கையாண்டு பூங்காவின் பாதைகளில் நம் பிள்ளைகளோடும் முதியோரோடும் நடப்பதே இப்பொழுது செய்யத்தக்கது. மேப்பிள் மரத்தடியில் அச்சிறுமி கேட்ட வினா இன்னும் விடை பெறவில்லை. அவ்விடையைத் தேடும் பொறுப்பு தமிழியல் ஆய்வாளராகிய நமக்கு உண்டு. வாளியை எட்டிப் பார்த்த அம்மூதாட்டிகள் நம்மோடு இருக்கும்போதே அத்தேடலைத் தொடங்குதல் நன்று.